அண்ணாச்சி கடை அட்டையும் நினைவில்லாத பெட்டியும்

வீரவநல்லூரிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் ஐந்தாம் வகுப்பு; கணக்கில் எப்போதும் அவன்தான் முதல். அப்பாவின் கைபேசியில் விளையாடும்போது உள்ளே விற்கும், திறந்தால்தான் என்ன வரும் என்று தெரியும் பரிசுப் பெட்டிகளை வாங்கி வாங்கித் திறந்து, பத்தே நாளில் 4,300 ரூபாயைக் கரைத்துவிட்டான். பால்காரருக்கு அப்பா பணம் அனுப்பும்போது பின் எண்ணைப் பார்த்து வைத்திருந்தானாம். அடித்துக் கேட்டதற்கு, "எண்பது பெட்டி திறந்தாயிற்று அம்மா. இனிமேல் தங்கப் பறவை வந்தே தீரும். இப்போது போய் நிறுத்தச் சொல்கிறாயே" என்று அழுதிருக்கிறான். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு ஏன் தெரியவில்லை என்பது தாயாரின் கேள்வி.

அவனுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது என்பதுதான் விஷயம். அவன் போட்டது சரியான கணக்கு. ஆனால் அது வேறொரு பெட்டிக்கான கணக்கு.

நான் சிறுவனாக இருந்தபோது பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையில் ஓர் அண்ணாச்சியின் பெட்டிக்கடை இருந்தது. கடை வாசலில் ஒரு பரிசு அட்டை தொங்கும். அட்டை முழுக்கச் சின்னச் சின்னதாக மடித்து ஒட்டிய தாள்கள். பத்து பைசா கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே ஓர் எண் இருக்கும். அந்த எண்ணுக்குப் பரிசு இருந்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் ஒரு புளிப்பு மிட்டாய். எல்லாரும் கண் வைத்தது மேலே கட்டியிருந்த பெரிய ரப்பர் பந்தின் மேல்தான். புது அட்டை வந்த அன்று புத்திசாலிப் பையன்கள் காசை வெளியே எடுக்கமாட்டார்கள். எண்பது தாள் கிழிந்து பந்து இன்னும் தொங்கினால் அப்போது வருவார்கள்.

ஏன்? அட்டையில் 100 தாள், பந்து ஒன்று. முதல் தாளைக் கிழிப்பவனுக்கு வாய்ப்பு நூற்றில் ஒன்று. எண்பது பேர் ஏமாந்தபின் கிழிப்பவனுக்கு இருபதில் ஒன்று. தொண்ணூற்றொன்பது போனால் கடைசித் தாளில் பந்து உறுதி. ஒவ்வொரு தோல்வியும் பந்தை ஓரடி பக்கத்தில் கொண்டுவரும். மொத்த அட்டையையும் வாங்கினால்கூடப் பத்து ரூபாயோடு கதை முடிந்துவிடும். (பந்துக்கான தாளை அண்ணாச்சி தனியே எடுத்து வைத்துக் கடைசியில்தான் ஒட்டுவார் என்று எங்களுக்குள் ஒரு சந்தேகம் உண்டு. அதை அவர் முகத்தைப் பார்த்தே கேட்டுவிட முடிந்தது.)

கைபேசிப் பெட்டி இப்படி இல்லை. அங்கே கிழித்த தாளை மறுபடி மடித்து அட்டையிலேயே ஒட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு தட்டலுக்கும் கணினி புதிதாக ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கிறது. தங்கப் பறவைக்கு நூற்றில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் பெட்டிக்கும் அதே நூற்றில் ஒன்று, எண்பத்தொன்றாவது பெட்டிக்கும் அதேதான். எண்பது முறை தோற்றது பையனுக்கு நினைவிருக்கிறது, பெட்டிக்கு நினைவில்லை.

இங்கே வரும் பெருக்கல் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு பெட்டியில் பறவை வராமல் போக வாய்ப்பு 0.99. இரண்டிலும் வராமல் போக 0.99 × 0.99. நூறு பெட்டியிலும் வராமல் போக, 0.99ஐ நூறு முறை எழுதிப் பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.37. அதாவது நூறு பிள்ளைகள் ஆளுக்கு நூறு பெட்டி வாங்கினால், அவர்களில் சுமார் 37 பேருக்கு ஒரு பறவைகூட வராது. அந்த 37 பேரும் இன்னொரு நூறு வாங்கினால்? அதிலும் 37 விழுக்காட்டினர், ஏறத்தாழ 14 பேர், வெறுங்கையோடுதான் நிற்பார்கள். முந்நூறு பெட்டிக்குப் பிறகும் ஐந்து பேர் மிச்சம். அண்ணாச்சி அட்டைக்கு அடி உண்டு, இந்தக் கிணற்றுக்கு அடி கிடையாது.

ஆனால் நம் மனம் அட்டைக்குப் பழகிய மனம். மரத்தில் தேடத் தேடப் பழம் அகப்படும், தோண்டத் தோண்டக் கிழங்கு தட்டுப்படும். தேடியது வீணாகாத உலகில் வளர்ந்த புத்தி, "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இனிப் பக்கம்தான்" என்று சொல்வதில் வியப்பில்லை. விளையாட்டைச் செய்பவர்களுக்கும் இது தெரியும். அதனால் சில விளையாட்டுகளில், இத்தனை முறை தோற்றால் பரிசு கட்டாயம் என்று ஒரு கணக்கைச் சேர்த்து அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எத்தனையாவது தாளில் பரிசு என்பதை மட்டும் அவர்களே தீர்மானிக்கிறார்கள்.

மூளைக்குள் நடப்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளுக்கு ஒரு குறிப்பைக் காட்டி, பிறகு பழச்சாற்றுத் துளி கொடுத்து டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். சாறு உறுதி என்று குரங்குக்குத் தெரிந்தபின், சாறு வரும்போது அந்த அணுக்கள் சும்மா இருந்தன. எதிர்பாராமல் வந்தால்தான் துடித்தன. 2003இல் அவர் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் இன்னும் ஒன்று: கிடைக்குமா கிடைக்காதா என்பது சரிபாதியாக இருந்தபோது, காத்திருக்கும் நேரத்தில் அந்தத் துடிப்பு மெல்ல ஏறி உச்சத்துக்குப் போனது. பெட்டி திறக்குமுன் ஆடுவதும் ஒளிர்வதும் அந்தக் காத்திருப்பை நீட்டத்தான். பெரும்பாலும் முடிவு பெட்டி ஆடத் தொடங்குமுன்பே எங்கோ ஒரு கணினியில் எழுதப்பட்டிருக்கும். குலுக்கல் தங்கப் பறவைக்குப் பக்கத்துக் கட்டத்தில் வந்து நிற்பதும் படம் காட்டுவதுதான். "மயிரிழையில் போயிற்றே" என்ற தோல்வி மூளையில் வெற்றிக்குரிய பகுதிகளையே தூண்டுவதைச் சூதாட்ட ஆய்வுகள் 2009லேயே காட்டியிருக்கின்றன. அவசரத்தைப் பிடித்து நிறுத்தவேண்டிய முன்மூளைப் பகுதி இருபத்தைந்து வயதுவாக்கில்தான் முதிர்கிறது. பையனுக்குப் பத்து வயது.

மகனுக்கு மந்திரித்துக் கயிறு கட்டியதாகவும் அந்தத் தாயார் குறிப்பிட்டிருந்தார். அவன் பெட்டியை எப்போதும் இடது கட்டைவிரலால்தான் திறப்பானாம், ஒருமுறை அப்படித் திறந்தபோது ஏதோ வந்ததாம். 1948இல் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் பசித்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறித்த இடைவெளியில் தீனி விழச் செய்தார். ஒரு புறா சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தது, இன்னொன்று கூண்டின் மூலையை நோக்கித் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. தாங்கள் செய்வதால்தான் தீனி விழுகிறது என்று நம்பியவைபோல நடந்துகொண்டன. பையனின் கட்டைவிரலும் அம்மாவின் கயிறும் அந்தப் புறாவுக்குச் சொந்தக்காரர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்த நாளில் ஸ்கின்னருக்கு எட்டுப் புறாக்கள் போதுமாக இருந்தன. இன்று பெட்டியின் நிறத்தை மாற்றினால் எத்தனை பிள்ளைகள் கூடுதலாகத் தட்டுகிறார்கள் என்பதை நிறுவனங்கள் நொடிக்கு நொடி எண்ணுகின்றன, எண்ணியதை வெளியே சொல்வதில்லை. பிள்ளைகள் பக்கம் நின்று அதையே ஆராயும் மாணவருக்கு உதவித்தொகை கொடுக்க மட்டும் நமக்குக் கை வருவதில்லை.

ஜப்பானில் 2012இல் இந்தப் பெட்டிகளில் ஒரு வகையை நிறுத்தினார்கள். சீனா 2017இல் வாய்ப்பு விகிதத்தை வெளியிடச் சொன்னது. பெல்ஜியம் 2018இல் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003இல் ஒழிந்தது. பணம் கட்டிப் பணம் எடுக்கும் இணைய ஆட்டங்களுக்கு எதிராக நாடாளுமன்றம் 2025இல் சட்டம் கொண்டுவந்தது. நம் பையன் கேட்டதோ பணம் அல்ல, ஒரு பறவையின் படம்.

தாயாருக்கு: பின் எண்ணை இன்றே மாற்றுங்கள். கைபேசியின் செயலிக் கடையில், ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி அமைக்கலாம். பிள்ளை தெரியாமல் வாங்கியதற்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கவும் அங்கே வழி உண்டு. நாள் தள்ளாமல் கேட்டுப் பாருங்கள். பிறகு நூறு புளியங்கொட்டை எடுத்து, ஒன்றில் சுண்ணாம்புப் பொட்டு வைத்து ஒரு பையில் போடுங்கள். பார்க்காமல் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தால் அது அண்ணாச்சி அட்டை. எடுத்ததைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக் குலுக்கினால் அது கைபேசிப் பெட்டி.

என் பேரனிடம் போன வாரம் கொடுத்துப் பார்த்தேன். முதல் ஆட்டத்தில் 58ஆவது கொட்டையில் பொட்டு வந்துவிட்டது. இரண்டாவதில் 212 வரை எண்ணினான். பிறகு, "தாத்தா, இந்தப் பைக்குள் பொட்டு வைத்த கொட்டை இருக்கிறதா இல்லையா?" என்று கேட்டு மொத்தத்தையும் தரையில் கொட்டிப் பார்த்தான். இருந்தது.