திமிங்கிலம் போனபிறகு கடலில் கிடக்கும் கண்ணாடி வட்டம்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பிள்ளை ஒருத்தி, பதினோராம் ஆண்டு படிக்கிறாள். போன விடுமுறைக்கு வீட்டாரோடு இலங்கையின் தென்கரையில் இருக்கும் மிரிஸ்ஸவுக்குப் போய்ப் படகேறித் திமிங்கிலம் பார்த்துவிட்டு வந்தவள், போனில் எடுத்த காணொளியைக் கொண்டுவந்து காட்டினாள். எல்லாரும் எடுப்பதைத்தான் அவளும் எடுத்திருந்தாள். சாம்பல் கலந்த நீல முதுகு, பீச்சியடிக்கும் மூச்சு, கடைசியில் தூக்கி நிறுத்திய வால். ஆனால் வால் மறைந்ததும் மற்றவர்களைப்போல அவள் போனை இறக்கவில்லை. வெறும் கடலையே இன்னும் ஒரு நிமிடத்துக்குமேல் எடுத்திருக்கிறாள்.

"அங்கிள், இந்த இடத்தைப் பாருங்கோ. சுத்திவர எல்லாம் சின்னச் சின்ன அலை, இந்த வட்டத்துக்குள்ள மட்டும் ஒண்டும் இல்லை, கண்ணாடி மாதிரிக் கிடக்கு. படகில நிண்ட ஐயா தெல், தெல் எண்டு காட்டினவர். உண்மையாவே திமிங்கிலத்தில இருந்து எண்ணெய் வடியுதா?"

தெல் என்றால் சிங்களத்தில் எண்ணெய். எனக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. திமிங்கிலத்தைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லாரும் எவ்வளவு நீளம், எவ்வளவு எடை என்றுதான் கேட்பார்கள். இவள் திமிங்கிலம் இல்லாத இடத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள்.

முதலில் தெரிந்த விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பார்க்கக் கிடைப்பவை பெரும்பாலும் நீலத் திமிங்கிலங்கள். தெய்வேந்திர முனைக்கு அருகே கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடி, மிகவும் ஒடுங்கியது, அதனால் கரையிலிருந்து கொஞ்சத் தூரம் போனாலே ஆழ்கடல் வந்துவிடும், இரையும் அங்கேதான். வெளிநாட்டுப் படங்களில் பாய்ந்து விழுகிற கூனல் திமிங்கிலம் நமது கடலில் அரிதாகத்தான் தென்படும். அரபிக்கடலில் இடம்பெயராமல் தங்கிவிட்ட கூனல் திமிங்கிலக் கூட்டம் ஒன்று உண்டு. ஓமான் கரையில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட ஒரு பெண் கூனல் திமிங்கிலம் 2017 இல் அரபிக்கடலையே கடந்து இந்தியக் கரைக்கு வந்ததால், இந்தப் பக்கம் அவை எட்டிப்பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. நீலமோ கூனலோ, அந்தக் கண்ணாடி வட்டத்தை இரண்டுமே விட்டுச்செல்லும்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். படகுக்கார ஐயா சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடக் கூடாது. எண்ணெய் உண்மையாகவே அலையை அடக்கும். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்ளின் லண்டனுக்கு அருகே கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, அரை ஏக்கர் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் ஆனதைப் பார்த்து 1774 இல் எழுதி வெளியிட்டார். திமிங்கிலத்தின் உடம்பிலோ தோலுக்குக் கீழே கனமான கொழுப்புப் படலம், அந்தக் கொழுப்புக்காகத்தான் நூற்றுக்கணக்கான வருடங்கள் அவற்றை வேட்டையாடினார்கள். அப்படியானால் கொஞ்சம் எண்ணெய் கசிந்திருக்கும் என்று நினைப்பது நியாயமான ஊகம். ஆனால் ஊகம் நியாயமாக இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு.

சோதித்துப் பார்க்க அவளுடைய காணொளியே போதும். எண்ணெய்ப் படலம் என்றால் காற்றடிக்கும் பக்கமாக இழுபட்டுக் கீற்றுக்கீற்றாக நீள வேண்டும், இந்த வட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எண்ணெய் என்றால் அது பரவி முடிந்ததும் அதில் மிதக்கும் நுரை அங்கேயே கிடக்க வேண்டும், இங்கே நுரைத் துணுக்கெல்லாம் தொடர்ந்து நடுவிலிருந்து வெளியே ஓடி விளிம்பில் போய்ச் சேர்கின்றன. அந்த விளிம்பை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வட்டத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் மற்ற இடங்களைவிடக் கூடவே நடுங்குகிறது, உலை கொதிக்கத் தொடங்கும்போது பானையின் ஓரம் நடுங்குமே, அந்த மாதிரி. எண்ணெய்க்கு அப்படி ஒரு விளிம்பு வராது.

அந்த நடுக்கத்தில்தான் விடை இருக்கிறது.

திமிங்கிலம் மீன் இல்லை, தரையில் நாலு காலில் ஓடிய விலங்கின் வாரிசு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். நாய் பாய்ந்தோடும்போது அதன் முதுகெலும்பு மேலும் கீழுமாக வளையும். திமிங்கிலமும் அதே முதுகெலும்போடு கடலுக்குப் போனதால், சுறாவைப்போல வாலைப் பக்கவாட்டில் வீசாமல் மேலும் கீழுமாக அடிக்கிறது. நீலத் திமிங்கிலத்தின் வால் அகலம் உடல் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 20 மீற்றர் திமிங்கிலம் என்றால் 5 மீற்றர் அகலமான ஒரு விசிறி. அந்த விசிறி மேல்நோக்கி வீசும் ஒவ்வொரு முறையும் பெரிய ஒரு கட்டி நீர் மேலே தள்ளப்படுகிறது. அது சும்மா போகாது, சுழல்வளையமாகச் சுருண்டுகொண்டு போகும். யாழ்ப்பாணத்துச் சுருட்டுப் பிடிக்கும் பெரியவர்கள் வாயைக் குவித்துப் புகை வளையம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வளையம் கலையாமல் முகட்டை நோக்கிப் போகும், முகட்டில் முட்டியதும் குலையாமல் அகலமாக விரியும். திமிங்கிலத்தின் நீர்வளையத்துக்குக் கடலின் மேற்பரப்புத்தான் முகடு. மேலே வந்த நீருக்கு அதற்குமேல் போக இடமில்லை, எனவே நடுவிலிருந்து எல்லாத் திசைக்கும் விரிந்து ஓடுகிறது. நாம் பார்க்கும் கண்ணாடி வட்டம் சும்மா கிடக்கும் தண்ணீர் இல்லை, வெளிநோக்கி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர்.

இப்போது வெளியே இருந்து ஒரு சின்ன அலை உள்ளே வர முயல்கிறது என்று வையுங்கள். அது எதிர்நீச்சல் போட வேண்டும். இந்த இடத்தில்தான் எனக்கு மனம் நிறைந்துபோகும். ஆழமான நீரில் ஓடும் அலையில் ஒரு விசித்திரம் உண்டு. அலையின் உச்சி ஓடும் வேகத்தில் பாதி வேகத்தில்தான் அதன் சக்தி ஓடும். அது போதாதென்று, எதிர்நீரோட்டத்துக்குள் நுழையும்போது அலை நெருங்கிச் சுருங்குகிறது, சுருங்கிய அலை இன்னும் மெதுவாக ஓடுகிறது, மெதுவானதால் இன்னும் நெருங்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், நீரோட்டம் அலையின் வேகத்துக்குச் சமமாக இருக்க வேண்டியதே இல்லை, நாலில் ஒரு பங்கு இருந்தாலே அலை நின்றுவிடும். ஒரு மீற்றர் நீளமான அலை வினாடிக்கு ஒன்றேகால் மீற்றர் ஓடும், அதை மறிக்க வினாடிக்கு 31 சென்ரிமீற்றர் நீரோட்டம் போதும். காலிமுகத்திடலில் கடலை கொறித்துக்கொண்டு நடப்பவரின் நடையைவிட மெதுவான ஓட்டம் அது. மறிபட்ட அலைகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிச் செங்குத்தாகி, உடைந்தோ, நீரின் மேற்பரப்பைத் தோல்போல இழுத்துப்பிடிக்கும் பரப்பிழுவையால் ஓடும் மிகச்சிறிய நெளிவுகளாக மாறித் தேய்ந்தோ போகின்றன. விளிம்பில் நடுங்கியது அதுதான். உள்ளே நுழைய முடியாமல் வாசலில் நெரிபடும் அலைகளைத்தான் அவள் படமெடுத்திருக்கிறாள்!

அப்படியானால் பெரிய அலை ஏன் நிற்கவில்லை? காணொளியில் அந்தக் கண்ணாடி வட்டம் அப்படியே முழுசாக மேலே ஏறி இறங்குகிறது, படகும் கூடவே ஏறி இறங்குகிறது. காரணம் அதே கணக்குத்தான். 10 வினாடிக்கு ஒருமுறை வரும் நீண்ட அலை ஆழ்கடலில் வினாடிக்கு 15 மீற்றருக்குமேல் ஓடும், காலி வீதியில் நல்ல வேகத்தில் போகும் பஸ்ஸுக்குச் சமம். அதை மறிக்க வினாடிக்கு 4 மீற்றர் நீரோட்டம் தேவை, அவ்வளவு திமிங்கிலத்தின் வால் தராது. ஆகவே அந்த வட்டம் நீண்ட அலையை விட்டுவிட்டுச் சின்னதை மட்டும் வடிகட்டுகிறது. நமது கண்ணுக்குக் கடலைக் கரடுமுரடாகக் காட்டுவதும் அந்தச் சின்ன அலைகள்தான். அவை போனதும் வானம் அப்படியே தெரிகிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம், நானும் செய்தேன். கிணற்றடியில் இருக்கிற சீமெந்துத் தொட்டியை நிரப்பிவிட்டு, பைப் நுனியை மேல்நோக்கித் திருப்பித் தண்ணீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் பிடியுங்கள். பீச்சியடிக்கக் கூடாது, மேற்பரப்பு லேசாகப் புடைக்கிற அளவுக்குக் குழாயைத் திறந்தால் போதும். அப்புறம் இன்னொருவர் தொட்டியின் ஓரத்தில் அடிமட்டத்தால் தட்டித்தட்டி அலை எழுப்பட்டும். அலைகள் புடைப்புக்குக் கிட்ட வந்து வரிவரியாக நெருங்கி நின்றுவிடும். நான் இரண்டு மல்லிகை இதழைப் போட்டுப் பார்த்தேன், இரண்டும் வழுக்கிக்கொண்டு விளிம்புக்குப் போய் அங்கேயே நின்று நடுங்கின. மாரிகாலத்தில் களனி கங்கை பெருகும்போது பாலத்தில் நின்று பாருங்கள், அடியிலிருந்து பொங்கிவரும் நீர் வட்டவட்டமாக மழுங்கித் தெரியும், அதுவும் இதே கதைதான்.

துறைமுகம் கட்டுகிறவர்கள் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். கொழும்புத் துறைமுகத்தின் பழைய அலைதடுப்புச் சுவருக்கு 1875 இல் அடிக்கல் நாட்டினார்கள், அது கல்லாலும் கொங்கிறீற்றாலும் ஆனது. கல்லே இல்லாமல், கடலடியில் துளையிட்ட குழாயைப் போட்டுக் காற்றை அடித்து, குமிழிகளோடு மேலே வரும் நீர் விரிந்தோடி அலையை மறிக்குமா என்று பிற்காலத்தில் சில நாடுகளில் முயன்றார்கள். அப்படி ஒரு மேற்பரப்பு நீரோட்டம் எந்த அலையை நிறுத்தும், எதை நிறுத்தாது என்று பிரித்தானிய இயற்பியலாளர் ஜெப்ரி டெயிலர் 1955 இல் கணக்குப் போட்டு வெளியிட்டார். நீண்ட அலைக்கு ஏகப்பட்ட காற்று அடிக்க வேண்டியிருப்பதால் செலவு கட்டாது. 2011 இல் ரேச்சல் லெவி, டேவிட் உமின்ஸ்கி உள்ளிட்ட குழுவினர் திமிங்கிலத்தின் தடத்துக்கும் இதே விளக்கத்தைச் சமன்பாடுகளோடு எழுதினார்கள். மனிதர்கள் மிக நீண்ட காலத்துக்கு முன்பிருந்தே பார்த்துவந்த ஒரு தடத்துக்குக் கணக்கு வந்து பதினைந்து வருடம்கூட நிறைந்ததோ இல்லையோ, அவ்வளவுதான்.

வட்டம் ஏன் நிமிடக்கணக்கில் நிற்கிறது என்றும் அவள் கேட்டாள். சுழலை ஓயவைப்பது பிசுக்குமை, அதாவது திரவம் தனக்குள் உரசும் உரசல். சீனிப்பாணியில் அது அதிகம், தண்ணீரில் மிகக் குறைவு. சுழல் பெரிதாகப் பெரிதாக அந்த உரசல் வென்று முடிக்க நேரமெடுக்கும். எங்கள் தொட்டியில் பைப்பை மூடியதும் சில வினாடியில் எல்லாம் முடிந்தது. மீற்றர்க்கணக்கில் அகலமான சுழல் அவ்வளவு சுலபமாக அடங்காது.

இந்த வட்டத்தால் பயனும் உண்டு. திமிங்கிலத்தின் தோல் துணுக்குத் துணுக்காக உரிந்துகொண்டே இருக்கும். கீழிருந்து வரும் நீர் அதையும் மேலே கொண்டுவருகிறது. அந்த வட்டத்தில் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளி வடிகட்டினால், அதில் கிடைக்கும் டி.என்.ஏ.யை வைத்து எந்த இனத் திமிங்கிலம் என்று சொல்ல முடிகிறது, விலங்கைத் தொடவோ குத்தவோ தேவையில்லை. எனக்கு இதில் ஒரு ஆதங்கம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பருவகாலத்தில் தினமும் காலையில் மிரிஸ்ஸவிலிருந்து படகுகள் போகின்றன. ஒரு போத்தல், வடிதாள், குளிர்பெட்டி, அதைப் படிக்க ஒரு ஆய்வுகூடம், இரண்டு மூன்று மாணவர்களுக்குச் சம்பளம். இதற்கு நம் நாட்டில் ஒழுங்காகப் பணம் ஒதுக்கினால், நம்முடைய திமிங்கிலங்களைப் பற்றி நம்முடைய பிள்ளைகளே எழுதுவார்கள். நமது நீலத் திமிங்கிலங்கள் துருவத்துக்குப் போகாமல் வெதுவெதுப்பான இந்தக் கடலிலேயே தங்கி இரை தேடுகின்றன என்று உலகத்துக்கு எடுத்துச்சொன்னவர் ஆஷா டி வோஸ், இலங்கைப் பெண். அவருக்கு அந்த யோசனை வந்ததும் மேற்பரப்பில் மிதந்த திமிங்கில மலத்தைப் பார்த்துத்தான். மேற்பரப்பைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கடல் நிறையச் சொல்கிறது.

பாராமல் கதை கட்டினால் என்ன ஆகும் என்பதையும் கண்டோம். 2020 நவம்பரில் பாணந்துறைக் கரையில் நூறு வரையான பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது, சுனாமி வரப்போகிறது என்று எனக்கே எத்தனை குரல்பதிவுகள் வந்தன. எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் அக்கா அன்று இரவு பிள்ளைகளோடு நித்திரை கொள்ளவில்லை. 2004 ஐப் பார்த்த நாட்டில் அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அந்தப் பயத்தைப் பரப்பியவர்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் உண்டு. அன்று கடற்படையினரும் ஊர்மக்களும் இடுப்பளவு தண்ணீரில் இரவெல்லாம் நின்று அவற்றில் பெரும்பாலானவற்றைக் கடலுக்குத் தள்ளிவிட்டார்கள். சுனாமி எதுவும் வரவில்லை.

நீங்கள் மிரிஸ்ஸவுக்குப் போனால், திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் போகாத படகாகப் பார்த்து ஏறுங்கள், சட்டமும் அதுதான். நான் போன நாளில் நாலைந்து படகுகள் ஒன்றையே துரத்தின, அது மூச்சை அரைகுறையாக விட்டுவிட்டு ஆழத்துக்குப் போய்விட்டது. அப்படித் துரத்தத் தேவையே இல்லை. மேற்பரப்புக்கு அருகே நீந்தும் திமிங்கிலம் வாலை அடிக்க அடிக்க வட்டங்கள் வரிசையாக விழும், எந்தப் பக்கம் போகிறது என்று தூரத்தில் நின்றே வாசிக்கலாம்.

அன்று எங்கள் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தியபிறகு நான் எண்ணினேன், ஆறு வட்டங்கள். பழையவை ஓரத்திலிருந்து கரையத் தொடங்கியிருந்தன, கடைசி மட்டும் பளபளவென்று கிடந்தது. வரிசை நேராகத் தெற்கே போனது. தெற்கே அடிவானத்தில் கொள்கலன் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, உலகத்தின் மிக நெருக்கமான கப்பல் பாதைகளில் ஒன்று அது, திமிங்கிலங்கள் அடிபட்டுச் சாவதும் அங்கேதான். எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் 2022 இல் தன் கப்பல்களைத் தானாகவே இன்னும் தெற்கே தள்ளி ஓட்டத் தொடங்கியது. மற்றவையும் அப்படித் தள்ளிப்போனால் போதும். ஏழாவது வட்டம் எங்கே விழும் என்று எல்லாரும் கப்பல்கள் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றோம்.