அழுகையை விட அமைதியைக் கவனியுங்கள்: ஒரு குழந்தை மருத்துவரின் குறிப்புகள்

என்னிடம் வரும் இளம் பெற்றோரின் கவலைகளில் பெரும்பாலானவை சத்தத்தைப் பற்றியவை. விடாமல் அழுகிறான், ராத்திரியெல்லாம் முனகுகிறாள், தரையில் விழுந்து புரண்டு ஊரைக் கூட்டுகிறான். பெற்றோரைக் கசக்கிப் பிழியும் விஷயங்கள்தான் இவை. ஆனால் இவற்றில் முக்கால்வாசி வளர்ச்சியோடு வந்து வளர்ச்சியோடு போய்விடும். என்னைப் பதற வைப்பவை வேறு. பால் குடிக்க எழுப்பினாலும் எழாத பச்சிளம் குழந்தை, வெளிறிப்போன மலம், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத ஒன்றரை வயதுப் பிள்ளை. இவற்றுக்காக யாரும் நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடி வருவதில்லை. "ரொம்ப சாது டாக்டர், அழவே மாட்டான்" என்று பெருமையாகச் சொல்பவர்களும் உண்டு.

அழுகையை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. எதற்கு உடனே கிளம்ப வேண்டும், எதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்பது தெரிந்தாலே வீட்டில் பாதி பயம் குறையும்.

தூக்கத்தில் இருந்தே ஆரம்பிக்கலாம். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் அது இரண்டு மணி, மூன்று மணி என்று துண்டு துண்டாக வரும். பகல், இரவு என்ற கணக்கே அதற்குக் கிடையாது. உடலின் கடிகாரம் ஓரளவு ஒழுங்குக்கு வர இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும். அதுவரை ராத்திரியைப் பகலாக்குவது நோயும் அல்ல, வளர்ப்பில் உள்ள குறையும் அல்ல. பகலில் வெளிச்சமும் பேச்சுமாக வைத்திருந்து, இரவில் விளக்கை மங்கலாக்கி, பேச்சைக் குறைத்துப் பால் கொடுத்தால் மெல்லப் பழகிக்கொள்ளும்.

பல அம்மாக்கள் செல்போனில் இரவு எடுத்த வீடியோவைக் காட்டுவார்கள். குழந்தை முகம் சிவந்து முக்குகிறது, கையைக் காலை முறுக்குகிறது, மூடிய இமைக்குள் கண் உருள்கிறது, நடுவில் ஒரு சிரிப்பு, உடனே ஒரு சிணுங்கல். "வயிறு வலிக்குதா டாக்டர்?" என்று கேட்பார்கள். வீடியோவைக் கடைசி வரை பார்த்தால் பதில் அதிலேயே இருக்கும். அம்மாவின் கை உள்ளே வந்து தூக்குகிறது. அப்போதுதான் குழந்தை கண்ணைத் திறந்து நிஜமாகவே அழ ஆரம்பிக்கிறது. அதுவரை அது தூங்கிக்கொண்டுதான் இருந்தது. பச்சிளம் குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இப்படித்தான், உடம்பு அசைந்துகொண்டே இருக்கும் தூக்கம். சிணுங்கியதும் தூக்காமல் ஓரிரு நிமிடம் பார்த்தால், பல நேரம் தானாகவே அடுத்த சுற்றுத் தூக்கத்துக்குள் போய்விடும்.

மூச்சும் அப்படித்தான். ஐந்து முதல் பத்து நொடி நின்று, பிறகு வேக வேகமாக நாலைந்து மூச்சு வாங்குவது முதல் மாதங்களில் இயல்பு. 20 நொடிக்கு மேல் நின்றாலோ, உதடு நீலமானாலோ, உடம்பு துவண்டாலோ உடனே மருத்துவமனை. சந்தேகமாக இருந்தால், குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், ஏமாற்றிவிடும். இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த அளவை எட்டினாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளே இழுத்தால் எண்ணிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

படுக்க வைக்கும் விதத்தில் மட்டும் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. ஒரு வயது வரை எப்போதும் மல்லாக்க, கெட்டியான சமமான படுக்கையில், தலையணையோ தளர்ந்த போர்வையோ பொம்மையோ இல்லாமல். "கக்கினால் புரையேறிவிடாதா?" என்று தாத்தா பாட்டிகள் கேட்பார்கள். நியாயமான பயம். ஆனால் மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலே ஏறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக முடியும். குப்புறப் படுத்தால் இது தலைகீழ். பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் மல்லாக்கப் படுக்க வைக்கும் பிரசாரம் தொடங்கிய பிறகு, தூக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் அங்கே பாதிக்கும் கீழே இறங்கின. குழந்தை தானாகவே இரண்டு பக்கமும் புரளப் பழகிவிட்டால், தூக்கத்தில் புரண்டதைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

எட்டு, ஒன்பது மாதத்தில் இன்னொரு குழப்பம் வரும். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று மறுபடி எழ ஆரம்பிக்கும். பல் முளைக்கிறது, திருஷ்டி, பால் போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கண்ணில் படாத அம்மாவும் எங்கோ இருக்கிறாள் என்பது அந்த வயதில்தான் குழந்தைக்குப் புரியத் தொடங்குகிறது. அதனால் அவள் பக்கத்தில் இல்லாதது உறைக்கிறது. மூளை வளர்ந்ததன் அடையாளம் இது. சுருக்கமாகத் தட்டிக்கொடுத்து, குரல் கொடுத்து, விளக்கைப் போடாமல் திரும்பத் தூங்க வையுங்கள். எந்தத் தூக்கப் பயிற்சி முறையையும் நான் வற்புறுத்துவதில்லை. இப்போது இருக்கும் பழக்கம் பாதுகாப்பானதாக இருந்து, வீட்டில் எல்லோருக்கும் சரியாகவும் இருந்தால், யாரோ சொன்னார்கள் என்று மாற்றத் தேவையில்லை.

அழுகைக்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டாவது வாரத்தில் கூட ஆரம்பித்து, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும். நலமாக இருக்கும் குழந்தையே அந்த ஆறாவது வாரத்தில் ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் அழலாம், அதுவும் பெரும்பாலும் சாயங்காலத்தில். பல அம்மாக்கள் சரியாக இந்த நேரத்தில்தான் தங்கள் பால் போதவில்லை என்று முடிவு செய்து புட்டிப்பாலுக்குப் போகிறார்கள். பால் போதுமா என்பதை அழுகை சொல்லாது. முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா, இந்த இரண்டும்தான் சொல்லும். பிறந்த முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை இறங்கும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு முதல் மூன்று மாதங்களில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் உங்கள் பால் தாராளமாகப் போதும்.

என்ன செய்தும் நிற்காத அழுகையின்போது உங்களுக்குக் கோபம் தலைக்கேறினால், குழந்தையைப் பாதுகாப்பான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அதில் தவறே இல்லை. உலுக்குவது மட்டும் கூடவே கூடாது. சில நொடி உலுக்கலில் மூளைக்குள் ரத்தம் கசிந்த குழந்தைகள் உண்டு.

காய்ச்சலுக்கு வருகிறேன். 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் காய்ச்சல். மூன்று மாதத்துக்குக் கீழே இருந்தால் அந்த எண் ஒன்றே போதும், மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு வரலாம் என்று காத்திருக்காதீர்கள். அதற்கு மேற்பட்ட வயதில் நான் தெர்மாமீட்டரை விடக் குழந்தையைத்தான் பார்க்கிறேன். 39.5 காய்ச்சலோடு என் மேசையில் இருக்கும் டார்ச்சை எட்டிப் பிடிக்கப் பார்க்கும் குழந்தையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. 38.2 தான் இருக்கிறது, ஆனால் அம்மாவின் தோளில் கண் சொருகிக் கிடக்கிறது, ஊசி போட்டாலும் முனகலோடு நிறுத்திக்கொள்கிறது என்றால் அந்தக் குழந்தையை நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

காய்ச்சலில் வரும் வலிப்பைப் பார்த்த பெற்றோர் அதை மறக்கவே மாட்டார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு இது வருகிறது. பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும், மூளையைப் பாதிக்காது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். முதல் முறை வந்தால், நின்ற பிறகும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பாராசிட்டமால் விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தும் இருக்கிறது, 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் இருக்கிறது. சிரப்பில் இரண்டரை மில்லி கொடுத்தால் 60 மில்லிகிராம். அதே இரண்டரை மில்லியைச் சொட்டு மருந்தில் எடுத்தால் 250. கைக்குழந்தைக்கு இது ஆபத்தான அளவு. சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்துப் பாட்டிலில் இருந்து எடுத்து ஊற்றும்போது இது நடக்கிறது. வயதைப் பார்த்து இல்லை, எடையைப் பார்த்துத்தான் அளவு. பாட்டிலில் எழுதியிருப்பதை மருத்துவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டுக் கொடுங்கள். சளி பற்றிச் சுருக்கமாக: நலமான சின்னக் குழந்தைக்கே வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை வரும், இருமல் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். நான்கு வயதுக்குக் கீழே இருமல் சிரப் வேண்டாம், ஒரு வயதுக்குக் கீழே தேன் வேண்டாம்.

"சாப்பிடவே மாட்டேங்குறா" என்று வரும் ஒன்றரை வயதுக் குழந்தையின் எடை ஏறுவதைக் காட்டும் வளர்ச்சி வரைபடத்தைப் பெற்றோருக்குத் திருப்பிக் காட்டுவேன். முதல் வருடத்தில் பிறந்த எடையைப் போல மூன்று மடங்கு ஆன குழந்தை, இரண்டாம் வருடம் முழுக்க ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையத்தான் செய்யும். எதை, எப்போது தருவது என்பது உங்கள் முடிவு, எவ்வளவு என்பதை அவளிடம் விட்டுவிடுங்கள். அப்புறம், பாலைக் கணக்கிடுங்கள். சாப்பிடாததை ஈடுகட்ட ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரை பால் குடிக்கும் குழந்தைகள் உண்டு. அரை லிட்டருக்கு மேல் போனால் மற்ற சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமிருக்காது, இரும்புச்சத்து குறையும்.

இரும்புச்சத்துக் குறைவுக்கும் இன்னொரு பெரிய பயத்துக்கும் தொடர்பு உண்டு. பொம்மையைப் பிடுங்கினோம், வீர் என்று அழ ஆரம்பித்தான், வெளியே விட்ட மூச்சு திரும்ப வரவில்லை, உதடு நீலமாகி ஒரு கணம் துவண்டே போனான். அழுகையில் மூச்சு அடைக்கும் இந்த நிலை ஒரு நிமிடத்துக்குள் தானாகச் சரியாகும். வலிப்போ இதயக் கோளாறோ இல்லை என்று முதல் முறையே மருத்துவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும், ரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்க்க வேண்டும். இதற்குப் பிறகு வீடே அவனை அழவிடாமல் பார்த்துக்கொள்ள ஆரம்பிக்கும், கேட்டதெல்லாம் கிடைக்கும். அது அடத்தைத்தான் வளர்க்கும். இரண்டு வயது அடம் என்பது ஆசை நிறைய இருந்து வார்த்தை போதாத நிலை. பக்கத்தில் இருங்கள், அடிபடாமல் பாருங்கள், சொன்ன 'இல்லை'யை மாற்றாதீர்கள். அது அடங்கிய பிறகுதான் பேச்சு.

சரி, சத்தமில்லாதவற்றுக்கு வருவோம். இரண்டு வாரத்துக்கு மேலும் கண்ணில் மஞ்சள் இருந்தால், குழந்தை நன்றாகப் பால் குடித்தாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். டயப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மலம் மஞ்சள், பச்சை, பழுப்பு எதுவானாலும் சரி. சாம்பலாகவோ வெளுப்பாகவோ இருந்து, சிறுநீர் அடர் மஞ்சளாகத் துணியில் கறை வைத்தால் அன்றே கிளம்புங்கள். கல்லீரலில் இருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் குழாயான பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். அதற்கு ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாயின் பெயரில் ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது, பிறந்து 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். இந்தக் குழந்தைகள் முதல் வாரங்களில் கொழுகொழுவென்றுதான் இருப்பார்கள், அதனால்தான் நாட்கள் கைநழுவிப் போகின்றன. பச்சையாக வாந்தி எடுத்தாலும் தாமதிக்கக் கூடாது, குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

நடப்பது எட்டு மாதத்திலும் தொடங்கலாம், பதினேழாவது மாதத்திலும் தொடங்கலாம். அதை அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட வேண்டாம். ஆனால் ஒரு வயதில் பெயருக்குத் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் காது கேட்கும் திறனையும் வளர்ச்சியையும் சோதிக்க வேண்டும். பேசிக்கொண்டிருந்த சொற்கள் எந்த வயதில் நின்றுபோனாலும் அப்படியே. "ஆம்பளப் பையன், லேட்டாத்தான் பேசுவான்", "வீட்டில் ரெண்டு மொழி, அதான் குழப்பம்" என்று காத்திருந்து இழந்த மாதங்களைத் திரும்பப் பெறுவது கடினம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை.

குழந்தையின் தூக்கத்தைப் பற்றிக் கேட்டு முடித்ததும் அம்மாவிடம் ஒன்று கேட்பேன்: "குழந்தை தூங்குறப்போ உங்களுக்குத் தூக்கம் வருதாம்மா?" வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை, குழந்தையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று பதில் வந்தால் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பிரசவித்த பெண்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் மனநலப் பாதிப்புக்கு உள்ளாகிறார்கள், அதில் பெரும்பாலும் மனச்சோர்வு. அது சிகிச்சையில் குணமாகும், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளும் மருந்துகளும் உண்டு. கூட வரும் அப்பாக்களே, பாட்டிகளே, இந்தக் கேள்வியை நான் கேட்கும் வரை காத்திருக்காமல் இன்றைக்கு ராத்திரி நீங்களே கேளுங்கள். அப்படியே ஒரு வேளைப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு அவரைத் தூங்க விடுங்கள்.