கேஸ் கீசரை எங்கே மாட்டுவது?

குன்னூரில் ஒரு வீட்டுக்குக் குழாய் வேலைக்காகச் சென்றிருந்தபோது, குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருப்பதையும், குளிர்காற்று வராமலிருக்க வென்டிலேட்டரைப் பிளாஸ்டிக் தாளால் அடைத்திருப்பதையும் கண்டேன். குளித்துவிட்டு வரும்போதெல்லாம் தலை வலிப்பதாக அந்த வீட்டு அம்மா சொல்லிவந்திருக்கிறார். ஈரத்தலையால் வரும் வலி என்றே வீட்டார் நினைத்திருந்தார்கள். அன்றே கீசரைக் கழற்றி, பின்பக்கத் திறந்த தாழ்வாரத்தில் மாட்டினோம்.

நிமிடத்துக்கு 6 லிட்டர் நீரை 25 டிகிரி செல்சியஸ் சூடேற்றும் கீசரில் மணிக்குச் சுமார் 1 கிலோ எல்.பி.ஜி. எரியும், அதற்கு ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று தேவை. ஐந்தடிக்கு ஏழடி குளியலறையில், எட்டடி உயரத்துக்கு, இருக்கும் காற்றே 8 கன மீட்டர்தான். இருவர் அடுத்தடுத்துக் குளிக்கும் அரை மணி நேரத்தில், அதில் முக்கால் பங்கு கீசருக்கே வேண்டியிருக்கிறது. ஆக்சிஜன் குறையக் குறைய, கேஸ் முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. கேஸ் கசிந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும்; இந்த வாயுவுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்வதால், தலை சுற்றுவதை உணர்ந்தவருக்குத் தாழ்ப்பாளைத் திறக்கும் வலுகூட இல்லாமல் போகலாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாத அறையில், அந்த ஃபேனே புகைக்குழாய் வழியாக வெளியேற வேண்டிய வாயுவை அறைக்குள் திருப்பி இழுத்துவிடக்கூடும்.

கீசருக்கு உரிய இடம், மழைச்சாரல் படாத, காற்றோட்டமுள்ள வெளிச்சுவர் அல்லது திறந்த சர்வீஸ் பால்கனி. குளியலறை ஜன்னல்கள் திறக்கும், சுவர்களுக்கு நடுவே உள்ள குறுகிய ஷாஃப்ட்டும், படுக்கையறை ஜன்னலின் கீழ்ப்பகுதியும் கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது என்பதால், சிலிண்டரைப் பள்ளமான இடத்தில் வைக்காமல், தரைமட்டத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். வெளியே மாட்டினால் வெந்நீர் வரத் தாமதமாகுமே என்ற கவலைக்குப் பெரிய காரணமில்லை: அரை அங்குலக் குழாயின் 10 மீட்டர் நீளத்தில் நிற்கும் தண்ணீர் சுமார் 1.25 லிட்டர்தான், அது கால் நிமிடத்துக்குள் வெளியேறிவிடும். மேல்தள வீடுகளில் பார்க்க வேண்டியது நீரழுத்தம். மேல்நிலைத் தொட்டி போதிய உயரத்தில் இல்லையென்றால் கீசர் பற்றவே பற்றாது.

ஏற்கெனவே குளியலறைக்குள் மாட்டியிருப்பவர்கள், இடம் மாற்றும்வரை, கதவைத் திறந்துவைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, காற்று மாறிய பிறகே குளியுங்கள். வெளிச்சுவர் வசதியே இல்லாத வீட்டுக்கு மின்சார கீசரைத்தான் பரிந்துரைக்கிறேன். வேலை கைவிட்டுப் போனாலும், குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டித் தருவதில்லை.