நியூ டீல்: புதுப் பங்கீடு

1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தைச் சமாளிக்க அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த நிவாரண, சீர்திருத்தத் திட்டங்களின் பொதுப்பெயர் 'நியூ டீல்'. அதைத் தமிழில் 'புதிய ஒப்பந்தம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. டீல் பேசினோம், டீல் முடிந்தது என்று அன்றாடம் புழங்குவதால் கை தானாகவே அந்தச் சொல்லுக்குப் போய்விடுகிறது. ஒப்பந்தம் என்றால் இரண்டு தரப்பு வேண்டும், கையெழுத்து வேண்டும். ரூஸ்வெல்ட் தந்தது அப்படி ஒன்றல்ல.

பழைய ஆங்கிலத்தில் டீல் என்றால் பங்கு, பகுதி. ஜெர்மன் மொழியின் 'டைல்' இதற்கு உடன்பிறப்பு. பங்கு பிரித்துக் கொடுப்பது என்ற பொருளிலிருந்து அது சீட்டாட்டத்துக்குப் போனது. ஆளுக்கு இத்தனை என்று சீட்டுப் போடுவதும் டீல்தான். பேரம், உடன்பாடு என்பவை பின்னால் ஒட்டிக்கொண்ட பொருள்கள். 1932 ஜூலை 2 அன்று சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தகுதியை ஏற்றுப் பேசியபோது, அமெரிக்க மக்களுக்கு ஒரு 'நியூ டீல்' தருவதாக ரூஸ்வெல்ட் உறுதியளித்தார். வங்கிகள் சரிந்து, உழைக்கும் கைகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று வேலையின்றி நின்ற காலம் அது. சீட்டைக் கலைத்து மறுபடியும் போடுவோம் என்பதே அதன் உட்பொருள். ஆகவே 'புதுப் பங்கீடு' என்பதே பொருத்தம். 'புதிய ஏற்பாடு' என்றும் சொல்லலாம்தான். ஆனால் தமிழ் வாசகர் உடனே விவிலியத்தை நினைப்பார்.

பங்கீடு என்று சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும்: யாருக்கு எவ்வளவு? ஒப்பந்தம் என்ற சொல் அந்தக் கேள்வியை எழுப்புவதில்லை. என் விருப்பத்துக்கு முதன்மைக் காரணம் இதுதான். ஏனென்றால் அந்தப் பந்தியில் வஞ்சனை நடந்தது.

தென் மாநிலங்களின் பருத்தி வயல்களைப் பாருங்கள். நிலம் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சலில் பங்கு. நாம் வாரம் என்று சொல்லும் அதே முறை. அந்த வாரக்குடிகளில் கறுப்பினத்தவர் மிகப் பலர், ஏழை வெள்ளையர்களும் பலர். விலையைத் தூக்கி நிறுத்த, பயிரிடும் பரப்பைக் குறைத்தால் பணம் தருவதாக 1933-ஆம் ஆண்டின் வேளாண் சட்டம் சொன்னது. அதைத் தொடர்ந்து வந்த 1934-35 பருத்தித் திட்டத்தில், விளைவிக்காமல் விட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் நில உடைமையாளருக்கு 4 சென்ட், வாரக்குடிக்கு அரை சென்ட். அந்த அரை சென்ட்டும் பலருக்குக் கைக்கு எட்டவில்லை. பரப்பு குறைந்ததும் குடியானவரே வேண்டாதவராகி, குடும்பம் குடும்பமாக வெளியேற்றப்பட்டார்கள். 1934-இல் ஆர்கன்சா மாநிலத்தின் டைரோன்சாவில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து தென்னகக் குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த ஊரில், அந்தக் காலத்தில், அது எத்தனை துணிச்சலான செயல்!

1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்திலும் இதே கதைதான். முதியோர் ஓய்வூதியக் காப்பீட்டிலிருந்து விவசாயக் கூலிகளும் வீட்டுவேலை செய்வோரும் விலக்கப்பட்டனர். கறுப்பினத் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். இந்த மசோதா ஒரு சல்லடை, பெரும்பாலான கறுப்பினத்தவர் விழுந்துபோகும் அளவுக்கு அதில் ஓட்டைகள் இருக்கின்றன என்று வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் செனட் குழுவின் முன் சொன்னார். நாடாளுமன்றக் குழுக்களில் தென்னக ஜனநாயகக் கட்சியினரின் பிடி இறுகியிருந்தது. அவர்களைப் பகைத்துக்கொள்ள ரூஸ்வெல்ட் துணியவில்லை. கும்பல் கொலைகளைத் தடுக்கும் மசோதாவுக்குக்கூட அவர் முழு ஆதரவு தரவில்லை.

ஆனாலும் நிவாரண வேலைகளும் கூலியும் ஓரளவு எட்டிய இடங்களில் அவை உயிர்காத்தன என்பதை மறுக்க முடியாது. ஆபிரகாம் லிங்கனின் குடியரசுக் கட்சிக்கே வாக்களித்து வந்த கறுப்பின வாக்காளர்கள் 1936-இல் பெருவாரியாக ரூஸ்வெல்ட் பக்கம் சாய்ந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பங்கு கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. ஆயுதத் தொழிற்சாலைகள் ஆள் எடுத்தபோது கறுப்பினத்தவருக்குக் கதவு மூடியிருந்தது. தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ப், 1941 ஜூலை 1 அன்று வாஷிங்டனில் மாபெரும் பேரணி நடக்கும் என்று அறிவித்தார். அதற்கு ஆறு நாள் முன்பு, ஜூன் 25 அன்று, பாதுகாப்புத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் 8802-ஆம் ஆணையில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். பேரணி கைவிடப்பட்டது. படையில் மட்டும் பிரிவினை அப்படியே நீடித்தது.

1943 டிசம்பரில் ரூஸ்வெல்ட்டே அந்தச் சொல்லை ஓரம் வைத்தார். நோயாளி நாட்டுக்கு இனி 'டாக்டர் நியூ டீல்' வேண்டாம், 'போரை வெல்லும் டாக்டர்' வந்துவிட்டார் என்றார்.

பங்கீடு என்றால் ரேஷன் நினைவு வராதா என்று கேட்கலாம். 'புது' என்ற அடை முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் பெரிதாக நேராது. முதல் முறை 'புதுப் பங்கீடு (நியூ டீல்)' என்று எழுதிவிட்டு, பிறகு தமிழ்ச் சொல்லை மட்டும் பயன்படுத்தலாம். இதே வழியில், முந்தைய அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தம் கொள்கைக்கு வைத்த 'ஸ்கொயர் டீல்' என்ற பெயர் நேர்மைப் பங்கீடு. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்குப் பின் அதிபரான ஹாரி ட்ரூமன் 1949-இல் முன்வைத்த 'ஃபேர் டீல்' நியாயப் பங்கீடு.