தெத்துப்பல்லா, தெற்றுப்பல்லா?

இரண்டும் ஒன்றுதான். காற்று காத்தானது, நேற்று நேத்தானது. அதே வழியில் தெற்றுப்பல் தெத்துப்பல்லானது. எழுத்தில் தெற்றுப்பல், பேச்சில் தெத்துப்பல் என்று வைத்துக்கொள்ளலாம்.

தெற்றுதல் என்றால் பின்னுதல், ஒன்றோடொன்று மாறிப் பிணைதல். தடுமாறுவதையும் அது குறிக்கும். திக்குவாய்க்குத் தெற்றுவாய் என்றொரு பெயர் உண்டு. ஆக, பக்கத்துப் பல்மேல் பின்னிக்கொண்டு ஏறி நிற்கும் பல் தெற்றுப்பல். முன்பற்கள் மொத்தமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் அது எத்துப்பல், வேறு சங்கதி. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய.

எந்தப் பல்லும் தெற்றலாம். ஆனாலும் தெத்துப்பல் என்றதும் நம் கண்ணில் நிற்பது மேல்வரிசைக் கோரைப்பல்தான். பேச்சில் சிங்கப்பல், இலங்கையில் வேட்டைப்பல். ஆங்கிலக்காரர்கள் லத்தீன் வழியாக நாயின் பெயரை வைத்து ‘கேனைன்’ என்றார்கள். நாம் சிங்கம் வரை போய்விட்டோம்.

அது மட்டும் ஏன் தெற்றுகிறது? வரும் நேரம்தான் காரணம். மேல்தாடையில் வெட்டுப்பற்களும் முதல் முன்கடைவாய்ப்பல்லும் முளைத்து உட்கார்ந்த பிறகு, 11, 12 வயதில்தான் கோரைப்பல் இறங்குகிறது. தாடை சிறிதாக இருந்தால், கூட்டம் ஏறிய பேருந்தில் கடைசியாக ஏறியவர் கதிதான்: படிக்கட்டில் தொங்க வேண்டும். ஈறின் உயரத்தில், உதட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே நிற்கும். கீழ்த்தாடையில் கோரைப்பல் முன்கடைவாய்ப்பற்களை முந்திக்கொண்டு வந்துவிடுவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.

ஜப்பானியர் இதை ‘யாயெபா’ என்பார்கள். ‘யாயெ’ என்றால் எட்டடுக்கு, பல அடுக்கு, ‘பா’ பல். அடுக்கடுக்கான இதழ் கொண்ட செர்ரிப் பூவுக்கும் அதே அடைமொழிதான். பூவோடு சேர்த்துச் சொல்வதாலோ என்னவோ, அங்கே அது அழகு. இங்கேயும் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சிரிக்கவைப்பவர்கள் உண்டு.

சரி, சரிசெய்வதற்கு என்ன பெயர்? ‘ஆர்த்தடான்டிக்ஸ்’ கிரேக்கச் சொற்களால் ஆனது. ‘ஆர்த்தோஸ்’ நேர், ‘ஒடூஸ்’ பல். தமிழில் பற்சீரமைப்பு. பல் கட்டுதல் என்று சொல்லிவிடாதீர்கள், அது பொய்ப்பல் வைப்பது. வீட்டில் எல்லோரும் சொல்வது ‘கிளிப் போடுறது’, அதிலும் தப்பில்லை.

கோரைப்பல்லைப் பிடுங்கிவிட்டால் முடிந்ததே என்று தோன்றும். மருத்துவர்கள் அதைத் தொடத் தயங்குவார்கள்: வாயிலேயே நீளமான வேர் அதற்குத்தான், வாயோரத்தைத் தாங்குவதும் அதுதான். இடம் போதாவிட்டால் பக்கத்து முன்கடைவாய்ப்பல்லை எடுத்து, அந்த இடைவெளிக்குள் கம்பியால் இதை இழுக்கிறார்கள். அழுத்தும் பக்கம் எலும்பு கரைய, விட்ட பக்கம் புது எலும்பு வளர, மாதத்துக்கு ஏறத்தாழ 1 மி.மீ. நகரும். ஒன்றரை, இரண்டு வருட வேலை.

கம்பியைக் கழற்றியதும் பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதைப் பிடித்துவைக்கும் ‘ரீடெய்னரை’ நான் பல்நிறுத்தி என்று எழுதுகிறேன். என் அண்ணன் மகள் ஒரு கல்யாணப் பந்தியில் அதைக் கழற்றி இலையோரம் வைத்தாள். பாயசம் குடித்துவிட்டுக் கைகழுவப் போய் வருவதற்குள் இலையை எடுத்துவிட்டார்கள்.