வயிறு திறந்து சத்திரசிகிச்சை செய்தவருக்குப் பராமரிப்புத் திட்டம்: இரவுக் கடமைக்கு வருபவர் வாசித்துச் செய்யக்கூடியதாக எழுதுவது

இரவு 7 மணிக்குக் கடமையேற்கும் தாதிய உத்தியோகத்தர் காலை 7 வரை வார்டைப் பார்க்கவேண்டும். பகலில் இருந்த அளவு ஆட்கள் அப்போது இருக்கமாட்டார்கள். அவர் எடுத்துப் பார்க்கும் திட்டத்தில் "நோவைக் குறைத்தல், தொற்றைத் தடுத்தல், மனஆறுதல் அளித்தல்" என்று மட்டும் இருந்தால், எந்த நேரத்தில் எதைச் செய்வது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தாதிய மாணவர்கள் எழுதும் திட்டங்களில் அடிக்கடி வரும் பிழை இதுதான்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கத்து வயல்காரர், வயது 58, நிறை 60 கிலோ. சீனி வருத்தம் உண்டு, பீடி குடிப்பவர். அப்பன்டிக்ஸ் (குடல்வால்) வெடித்ததால் வயிற்றின் நடுவே திறந்து சத்திரசிகிச்சை நடந்து முதல் நாள். டிரெயின் (வயிற்றினுள் சேரும் நீரை வெளியே எடுக்கும் குழாய்), சிறுநீர்க் குழாய், சேலைன் மூன்றும் இருக்கின்றன.

தாதியர் நோய்நிர்ணயம் என்ற இடத்தில் "அப்பன்டிசைட்டிஸ்" என்று எழுதுவது தவறு. அது டொக்டரின் நிர்ணயம். தாதி தன் கையால் மாற்றக்கூடிய பிரச்சினை, அதன் காரணம், அதைக் காட்டும் அறிகுறி, இந்த மூன்றும் ஒரே வரியில் வரவேண்டும்: "வயிற்றுக் காயத்தின் நோவால் ஆழமாக மூச்செடுக்க முடியாமை, மூச்சு நிமிடத்துக்கு 26, மேலோட்டமானது, இருமச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுக்கிறார்." இப்படி எழுதினால் செய்யவேண்டியது அதிலேயே தெரிந்துவிடும். தொற்று இன்னும் வரவில்லை, வரக்கூடும் என்றால் அறிகுறி எழுத இடமில்லை. சீனி, வெடித்த குடல்வால், உடம்பில் உள்ள குழாய்கள் என்று ஆபத்துக் காரணங்களை மட்டும் எழுதுங்கள்.

இலக்கும் அளக்கக்கூடியதாக இருக்கட்டும். "நன்றாக மூச்சு விடுவார்" என்பதை அளக்க முடியாது. "நாளை காலை 7 மணிக்குள் மூச்சு 20க்குள், ஒட்சிசன் 94 வீதத்துக்குக் குறையாது, தலையணையை வயிற்றோடு அணைத்துத் தானாக இருமுவார்" என்பதை யாரும் சரிபார்க்கலாம். செய்முறையை இப்படி எழுதலாம்: தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்த்துக; டொக்டர் எழுதிய நோ மருந்து கொடுத்து 30 நிமிடம் கழித்து மூச்சுப் பயிற்சி; விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 10 தடவை மூக்கால் இழுத்து, 3 செக்கன் நிறுத்தி, மெதுவாக விடுதல்; பிறகு இருமல். மருந்துக்கு முன்னே பயிற்சி செய்வித்தால் அவர் ஒரு தடவையோடு விட்டுவிடுவார். பீடி குடித்த நுரையீரலில் சளி தேங்க அதுவே போதும்.

நோவைக் கேட்பதில் எங்கள் பகுதிக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. "நோவு இருக்கா ஐயா?" என்றால் "பரவாயில்ல மகள்" என்பார், ஆனால் முழங்காலை மடக்கி அசையாமல் கிடப்பார். 0 முதல் 10 வரை எவ்வளவு என்று படுத்திருக்கும்போது ஒரு தடவையும், இருமும்போது ஒரு தடவையும் கேளுங்கள். அவர் சொன்ன சொல்லை அப்படியே பதியுங்கள். காயம் "காந்துது" என்பதும் வயிறு "கல்லு மாதிரி இருக்கு" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவதைக் கேட்டவுடன் வயிற்றைத் தொட்டுப் பார்த்து டொக்டருக்கு அறிவிக்கவேண்டும். கெண்டைக்கால் "உளையுது" என்றால் களைப்பு என்று விடாமல் இரண்டு கால்களின் வீக்கத்தையும் சூட்டையும் ஒப்பிடுங்கள். உடன் நிற்பவர் தைலம் பூசி உருவ விடவேண்டாம். உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். இன்னொன்று, வீட்டார் பையிலிருந்து பெனடோல் (பரசிட்டமோல்) கொடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். வளர்ந்தவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகக்கூடாது. ஊசியாகவோ குளிசையாகவோ போனது எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். மோர்பின் கொடுத்தவருக்கு மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 10க்குக் குறைந்தால் அடுத்த டோஸை நிறுத்தி உடனே அறிவிக்கவேண்டும்.

சிறுநீர் ஒரு கிலோ நிறைக்கு மணிக்கு 0.5 மி.லீ. ஆவது வரவேண்டும். இவருக்கு அது 30 மி.லீ. "சிறுநீரைக் கவனிக்க" என்று எழுதாமல் "தொடர்ந்து 2 மணி நேரம் 30க்குக் குறைந்தால், குழாய் மடிந்துள்ளதா என்று பார்த்து, டொக்டருக்கு அறிவிக்க" என்று எழுதுங்கள். டிரெயினில் திடீரெனச் சிவப்பு இரத்தம் வந்தாலும், வந்துகொண்டிருந்தது சட்டென நின்றாலும் பார்க்கவேண்டும். நின்றது அடைப்பாகவும் இருக்கலாம். நாடித்துடிப்பு 88, 104, 120 என்று ஏறிக்கொண்டே போக, பிரஷர் மட்டும் 110/70 என்று நிற்கும். பிரஷர் விழும்வரை பார்த்திருக்கக்கூடாது. உள்ளே இரத்தம் போவதை நாடி முதலில் காட்டும்.

காயத்துக்குப் போட்ட முதல் கட்டை, ஊறாவிட்டால், 48 மணி நேரம் பிரிக்கத் தேவையில்லை. ஊறினாலோ, எங்கள் வெக்கையில் வியர்த்துப் பிளாஸ்டர் கழன்றாலோ மட்டும் கிருமிநீக்கிய முறையில் மாற்றுங்கள். இரத்தச் சீனி 180 mg/dL அளவைத் தாண்டிக்கொண்டிருந்தால் காயம் ஆறப் பிந்தும். அளக்கும் நேரங்களைத் திட்டத்திலேயே குறித்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு அனுமதி வந்ததும் "கிரந்தி" (காயத்தைப் பழுக்கவைக்கும் சாப்பாடு) என்று வீட்டார் மீனையும் முட்டையையும் நிறுத்திக் கஞ்சியை மட்டும் கொண்டுவருவார்கள். சிறுநீரக நோய் இல்லாத 60 கிலோக்காரருக்குக் காயம் ஆற ஒரு நாளைக்கு 72 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம். கஞ்சியால் அதை எட்டவே முடியாது. அவர்களின் நம்பிக்கையைக் கேலி செய்யாமல், சமைக்கிற மகளோடு இருந்து பேசுங்கள். இறால், நண்டு வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். மீன், முட்டை, பருப்புக்கு அவர் சம்மதிப்பார். என்ன சம்மதித்தார் என்பதையும் திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

மதிப்பீட்டுப் பகுதியில் "இலக்கு எட்டப்பட்டது" என்பது போதாது. "காலை 7: மூச்சு 22, ஒட்சிசன் 95, இருமும்போது நோ 6. பகுதியளவில் எட்டியது. நோ மருந்தை மீளாய்வு செய்யக் கேட்கப்பட்டது" என்று இலக்கங்களோடு எழுதுங்கள்.

வீட்டுக்குப் போவதற்கான திட்டத்தை முதல் நாளே தொடங்கவேண்டும். எந்த ஊர், கட்டு மாற்றக் கிட்ட எந்த வைத்தியசாலை, கூட்டிப்போக யார் இருக்கிறார்கள்? தையல் வழமையாக 7 முதல் 10 நாளில் பிரிப்பார்கள். சீனி உள்ளவருக்குப் பிந்தலாம். ஆறு வாரத்துக்கு உரமூட்டை தூக்கக்கூடாது. காயம் முழுதாக மூடும்வரை வயற்சேற்றிலும் குளத்திலும் இறங்கக்கூடாது. டயக்னோசிஸ் கார்ட் (வீட்டுக்குப் போகும்போது கொடுக்கும் நோய் விபர அட்டை) ஆங்கிலத்தில் இருக்கும், அதை வீட்டில் வாசிக்க ஆள் இல்லாமல் போகலாம். ஆகவே தனித் தாளில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுங்கள்: காய்ச்சல் 100.4°Fக்கு மேல், காயத்தில் சீழ் அல்லது கூடும் சிவப்பு, வயிறு ஊதி வாந்தி, ஒரு கால் மட்டும் வீங்குதல் என்றால் அன்றே வைத்தியசாலைக்கு; திடீர் மூச்சுத்திணறல் என்றால் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழைப்பு.