மழையை அளக்கும் போன் டவர்

நுவரெலியா, ஹட்டன், ஹப்புத்தளை என்று மலையகத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு உச்சியில் போன் டவர் தெரியும். அதில் மத்தளம் மாதிரி வட்டமாகப் பொருத்தியிருக்கிற அன்டெனாக்களுக்கு நம் கையிலுள்ள போனோடு நேரடியாக வேலை இல்லை. அடுத்த மலையிலுள்ள டவரோடு மைக்ரோவேவ் அலையில் பேசத்தான் அவை இருக்கின்றன; எல்லா உச்சிக்கும் பைபர் கேபிள் இழுப்பது லேசான காரியமா என்ன?

இந்த அலைகளுக்கு மழை ஆகாது. 23 ஜிகாஹெர்ட்ஸ் இணைப்பு ஒன்றின் பாதையில் மணிக்கு 50 மில்லிமீற்றர் என்ற கணக்கில் மழை கொட்டினால், ஒவ்வொரு கிலோமீற்றரிலும் ஏறத்தாழ 6 டெசிபல் போய்விடும், அதாவது அலையின் சக்தி கால்வாசியாகிவிடும். தொலைத்தொடர்புப் பொறியியலாளருக்கு இது தலைவலி. ஆனால் எவ்வளவு தேய்ந்தது என்று தெரிந்தால் எவ்வளவு மழை பெய்தது என்றும் கணக்குப் போடலாமே! 2006இல் இஸ்ரேலின் ஹகித் மெசரும் அவருடைய சகாக்களும் இதைச் செய்துகாட்டி 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார்கள். 2013இல் நெதர்லாந்து முழுவதற்கும் இப்படியே மழை வரைபடம் போட்டார்கள். இலங்கையும் விடுபடவில்லை: டயலொக் தொலைபேசி நிறுவனத்தின் இணைப்புகளில் 2019 கடைசி மாதங்களில் பதிவான அளவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. புதிதாக ஒரு கருவிகூடப் பூட்டவில்லை, வலையமைப்பைப் பராமரிக்க நிறுவனங்கள் எப்படியும் சேர்த்துவைக்கிற எண்கள்தான்.

இந்த எண்களை மழைக்கணக்காக்கச் செயற்கை நுண்ணறிவையும் பயன்படுத்துகிறார்கள். சரி, இதில் அதற்கு என்ன வேலை? அலை குறைந்ததற்கு மழைதான் காரணமா என்று கண்டுபிடிப்பது. மலையகத்தில் இதுதான் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். மூடுபனியின் துளிகள் மிகச் சிறியவை, இந்த அலைகளை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஆனால் அதே பனி அன்டெனாவின் மூடியில் ஈரப்படலமாகப் படிந்தால் ஓரிரு டெசிபல் குறைந்து, ஒரு சொட்டு மழையில்லாத விடியற்காலையில் கணினி மழை என்று எழுதிவைக்கும். பனி ஈரம் மெல்ல மெல்ல ஏறி, வெயில் பட்டதும் இறங்கும். மழை வந்தால் அளவு திடீரென விழுந்து துள்ளிக்கொண்டே இருக்கும். இந்த வித்தியாசத்தை, இத்தனை டெசிபல் குறைந்தால் மழை என்று ஒற்றை எல்லைக்கோடு போட்டுப் பிடிப்பது கஷ்டம். ஜேர்மனியில் 2020இல் சுமார் 3,900 இணைப்புகளை எடுத்து, பல மணிநேரத் துள்ளலை மொத்தமாகப் பார்த்து முடிவெடுக்க ஒரு நரம்பியல் வலையை, அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரலை, பழக்கினார்கள். எப்போது உண்மையில் மழை பெய்தது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது வானிலை ராடார்.

இப்போது நடப்பது இன்னொரு வேலைக்காகக் கட்டிய வலையமைப்பில் ஓசியில் கிடைக்கிற அளவீடு. அடுத்த தலைமுறை மொபைல் வலையமைப்பான 6ஜியில், சுற்றுப்புறத்தை உணர்தலும் தொடர்பாடலும் ஒரே அலையில், ஆரம்பத்திலிருந்தே திட்டமிட்டு வரப்போகின்றன. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இல் 6ஜிக்கு வகுத்த 6 பயன்பாட்டு வகைகளில் இதுவும் ஒன்று.

நமக்கு இது ஏன் முக்கியம்? 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு பற்றி எச்சரிக்கத் தொடங்கும், 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்லும். 2014இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களோடு ஆட்களையும் மண் மூடியதை யார் மறப்பார்கள்? மலைக்கு இந்தப் பக்கம் கொட்டும்போது அந்தப் பக்கம் வெயிலடிக்கிற ஊரில், தூரத்து மழைமானியை நம்பி லயத்தில் படுத்திருக்க முடியாது.

ஆனால் ஜேர்மனியில் பழகிய வலையை அப்படியே இறக்கினால் இங்கே தடுமாறும், நம் மழையும் பனியும் வேறு. ராடார் இருந்தாலும் அதன் பார்வையை மலைகள் மறைக்கும் என்பதால், இங்கே கற்றுக்கொடுக்க மழைமானிதான் வேண்டும். தோட்டத்து ஆபீஸ்களில் மழைக்கணக்கு பரம்பரையாக எழுதுகிறார்கள், ஆனால் அது நாளுக்கு ஒரு எண். மாலை நாலு மணிக்குக் கொட்டியதா, நடுச்சாமத்திலா என்று அதில் இருக்காது. சில இணைப்புகளின் அடியிலாவது நிமிடக் கணக்கில் பதியும் தானியங்கி மழைமானிகளை வைத்தால்தான் பழக்குகிற வேலையையே தொடங்கலாம்.